வாவியின் வளையங்களும் சேர் சி. வி. இராமனும்

கண்டி வாவிக்கரையில் மாலைப் பொழுதில் உலாவச் செல்வோர், அணைச்சுவரோரம் நின்று சிறுகல் எறிந்து விளையாடும் பிள்ளைகளைக் காணாது திரும்புதல் அரிது. கல் வீழ்ந்த இடத்தில் ஒரு வளையம் தோன்றும், அதனைத் தொடர்ந்து மற்றொன்று, பின்னும் ஒன்று. வளையங்கள் விரிந்து விரிந்து கரையைத் தொட்டு மறையும். 1807ஆம் ஆண்டளவில் ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் வயல்வெளியை மறித்துக் கட்டுவித்த இவ்வாவியில், அன்று தொட்டு இன்றுவரை எத்தனை கற்கள் வீழ்ந்திருக்கும்! அவ்வளையங்களைப் பார்த்து நின்றோர் பலர். அவை யாதெனக் கேட்டோர் சிலர்.

அவ்வாறு கேட்ட ஒருத்தியால் எழுந்ததே இக்கட்டுரை. நான் தமிழ் கற்பிப்பவன். சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியர் இடம் வெறிதாய்க் கிடந்த காலத்தில், வகுப்பைப் பார்த்துக்கொள்ளுமாறு என்னை அனுப்பினர். பாடநூலைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒலி ஓர் அலை, ஒளி ஓர் அலை, நீரின் சிற்றலையும் அலையே என்று படித்து முடித்தேன். பின்வரிசையில் இருந்த தோட்டத்துப் பிள்ளையொருத்தி எழுந்தாள். மூன்றும் ஒன்றேயாயின், பெரஹரா ஊர்வலத்தில் தொலைவில் வரும் முழவுக்காரரின் கோல் தோலில் விழுவது முன்னே தெரிவதும், ஓசை பின்னே கேட்பதும் ஏன் என்று வினவினாள். மூன்றும் வேறு வேறாயின், மூன்றுக்கும் ஒரே பெயர் வைத்தது ஏன் என்றும் கேட்டாள். மறுநாள் சொல்வதாகக் கூறி அமர்த்தினேன். அவள் அடுத்த ஆண்டில் விஞ்ஞானத்தைக் கைவிட்டுக் கலைப்பிரிவிற் சேர வேண்டுமென்று வீட்டார் முடிவு செய்திருந்ததைப் பின்னரே அறிந்தேன். விஞ்ஞானம் தங்களுக்கு உரியதன்று என்பது அவர்கள் எண்ணம்.

வேகங்களை நூலிலிருந்து எடுத்துக்கொண்டேன். வாவியில் மிக மெல்லச் செல்லும் சிற்றலை ஒரு செக்கனில் ஏறக்குறைய 23 சென்ரிமீற்றர், அதாவது ஒரு சாண், நகரும். நம் காற்றில் ஒலி ஒரு செக்கனில் ஏறத்தாழ 340 மீற்றர் செல்லும். ஒளியோ ஏறத்தாழ 3,00,000 கிலோமீற்றர் செல்லும். ஆகவே 340 மீற்றர் தொலைவில் அடித்த முழவின் ஓசை நம்மை வந்தடைய ஒரு செக்கன் கழியும்; அக்காட்சிக்கோ காலமே கழியவில்லை எனலாம். முதல் வினா தீர்ந்தது. இரண்டாவது வினா எளிதில் தீரவில்லை. அதற்கு விடை தேடியபோது என் நினைவில் எழுந்தது ஒரு மனிதரின் வாழ்க்கை. ஒலி, ஒளி, நீர் ஆகிய மூன்றையும் தம் வாழ்நாள் முழுதும் துருவித் துருவிப் பார்த்தவர் அவர். அவர்தாம் சந்திரசேகர வேங்கட இராமன்.

இளமை

இராமன் 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவிற் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர ஐயர், தாயார் பார்வதி அம்மாள். தந்தையார் விசாகப்பட்டினத்துக் கல்லூரியிற் கணிதமும் பௌதிகமும் கற்பித்தவர். அவருக்கு இசையில் ஈடுபாடு மிகுதி; வீட்டில் வயலின் ஒலித்துக்கொண்டிருக்கும். நூல்நிறைந்த அலுமாரியும் நாதம்நிறைந்த கூடமும் ஒரு பிள்ளைக்கு ஒருங்கே வாய்த்தமை பெரும்பேறு. பதினொரு வயதில் மெற்றிக்குலேசன் தேறிய அச்சிறுவர், சென்னை மாநிலக் கல்லூரியிற் சேர்ந்து 1904ஆம் ஆண்டில் பி.ஏ. தேர்வில் முதலிடம் பெற்றார்.

அரியம் என்னும் முப்பட்டைக் கண்ணாடியின் முகத்திற் சாய்வாய் விழுந்து திரும்பும் ஒளியை அவர் கல்லூரி மேசையில் உற்றுநோக்கினார். ஒளி ஓர் இடுக்கைக் கடக்கும்போது நேரே செல்லாது ஓரங்களிற் சிறிது வளைந்து பரவும். அதனைக் கோணல் என்பர். வாவியலை ஒரு கற்றூணைக் கடந்து அதன் பின்புறமும் சூழ்வது போன்றது அது. அக்கோணலால் எழும் பட்டைகள் இருபுறமும் ஒத்திராமை கண்ட இளைஞர், அதனை எழுதி இலண்டனுக்கு அனுப்பினார். 1906ஆம் ஆண்டு நவம்பரில் அஃது அங்குள்ள பெயர்பெற்ற ஆய்விதழில் வெளிவந்தது. எழுதியவருக்கு அகவை பதினெட்டே.

இத்தகையவர் மேற்படிப்புக்கு இங்கிலாந்து செல்ல வேண்டியவரே. ஆனால், அந்நாட்டுக் குளிரை இவர் உடல் தாங்காதென மருத்துவர் தீர்ப்புக் கூறிவிட்டார். ஆதலின் 1907ஆம் ஆண்டில் எம்.ஏ. முடித்ததும் நிதித்துறைப் போட்டித் தேர்வெழுதி அதிலும் முதல்வராய்த் தேறினார். அவ்வாண்டிலேயே வீணை மீட்ட வல்ல லோகசுந்தரி அம்மையாரை மணந்து, கல்கத்தாவிற் கணக்குத்துறை அதிகாரியாய் அமர்ந்தார்.

கணக்கும் கருவியும்

கல்கத்தாவில் ஒரு நாள் திராம் வண்டியிற் செல்கையில், பௌபசார் வீதியில் ஒரு பெயர்ப்பலகை அவர் கண்ணிற்பட்டது. மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர் 1876ஆம் ஆண்டில் நிறுவிய இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் அது. நிறுவியவர் மறைந்தபின் ஆய்வாளரின்றி வாடிக் கிடந்த அக்கழகத்திற்கு இராமனின் வருகை மழையாயிற்று. அலுவலகம் செல்லுமுன் அதிகாலையிலும், அலுவலகம் விட்ட பின் இரவிலும் அங்கே ஆய்வு நடந்தது. இடையே இரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றப்பட்டார். 1911ஆம் ஆண்டிற் கல்கத்தாவுக்கு மீண்டார்.

அக்காலத்தில் அவர் ஆராய்ந்தது பெரும்பாலும் இசை ஒலி. வில்லால் இழுபடும் நரம்பு எவ்வாறு அதிர்கின்றது என்பதை வகுத்து 1918ஆம் ஆண்டில் ஒரு நூலளவான ஆய்வை வெளியிட்டார். வீணையையும் தம்புராவையும் எடுத்துக்கொண்டார். ஒரு நரம்பை எந்த இடத்தில் மீட்டுகின்றோமோ, அந்த இடத்தை அசையாப் புள்ளியாகக் கொண்ட மேற்றொனிகள் எழமாட்டா என்பது மேனாட்டார் கண்ட விதி. ஆனால், நம் வீணையில் அவையும் எழுகின்றன. வீணைக் குதிரையின் மேற்பரப்பு வளைவாய் இருத்தலின், அதிரும் நரம்பு அதனைத் தொட்டும் விட்டும் செல்கின்றது. அதனாலேயே அந்நிறைந்த நாதம் பிறக்கின்றதென 1921ஆம் ஆண்டில் விளக்கினார்.

இவற்றினும் என் உள்ளத்தைத் தொட்டது மிருதங்க ஆய்வே. விறைப்பாய் இழுத்துக் கட்டிய தோலை அடித்தால் எழும் தொனிகள் ஒன்றோடொன்று இயைபற்றவை. ஆகவே தோற்கருவி தாளத்திற்கன்றிச் சுருதிக்கு உதவாதென்பது மேனாட்டு நூன்முடிபு. நம் முன்னோரோ வலந்தலையின் நடுவே கரணை என்னும் கருஞ்சாந்தை ஏற்றி, அத்தோலையே சுருதி பேசுமாறு செய்திருந்தனர். 1920ஆம் ஆண்டிலும், பின்னர் விரிவாக 1934ஆம் ஆண்டிலும் இராமன் இதனை ஆராய்ந்தார். தோலின்மேல் நுண்மணலைத் தூவி அடித்தார். அதிரும் பாகத்திலிருந்து மணல் விலகி, அதிராக் கோடுகளில் ஒதுங்கியது. கரணையின் பாரத்தால் முதல் ஒன்பது வகை அதிர்வுகளும் இயைபுடைய ஐந்து தொனிகளாய்த் திரள்வதை அம்மணற் கோடுகளைக் கொண்டு நிறுவினார். பெயர் தெரியாத கைவினைஞன் ஒருவன் காதாற் கண்டதைக் கணிதத்தாற் கண்டவர் இராமன்.

1917ஆம் ஆண்டிற் கல்கத்தாப் பல்கலைக்கழகத்துத் துணைவேந்தராயிருந்த ஆசுதோஷ் முகர்ஜியின் அழைப்பை ஏற்றுப் பாலித் பேராசிரியரானார். உயர்ந்த வருவாயை விட்டுக் குறைந்த வருவாய்க்குச் சென்றார். அப்பதவிக்குரியவர் வெளிநாட்டிற் பயின்று வரவேண்டுமென்ற நிபந்தனைக்கு அவர் இணங்கவில்லை. பல்கலைக்கழகமே இணங்கிக் கொடுத்தது.

கடலின் நீலம்

1921ஆம் ஆண்டிலேதான் இராமன் முதன்முறை கடல்கடந்தார். இலண்டன் புனித பவுல் ஆலயக் குவிமாடத்தின் கீழ், சுவரோரம் மெல்லப் பேசும் பேச்சு எதிர்ப்புறத்திற் கேட்கும் வியப்பை அங்கே அளந்து பார்த்தார். ஒலியலை சுவரைத் தழுவியவாறே வளைந்து செல்வதன் விளைவு அது. பின்னர் இந்தியாவில் பீஜப்பூர்க் கோல்கும்பாசிலும் பாட்னாத் தானியக் களஞ்சியத்திலும் அதனையே ஆராய்ந்தார்.

திரும்பும் வழியில், நர்க்குண்டா என்னும் கப்பலின் தட்டில் நின்று மத்தியதரைக் கடலின் ஆழ்நீலத்தை நோக்கினார். கடலின் நீலம் வானத்தின் நிழலே என்பது ரேலிப் பிரபு போன்ற பேரறிஞரின் கருத்து. இராமன் தம் சட்டைப்பையில் நிக்கோல் அரியம் ஒன்றை வைத்திருந்தார். தகுந்த கோணத்தில் அதன்வழி நோக்கினால் நீர்ப்பரப்பிற் பட்டுத் தெறிக்கும் ஒளியை அகற்றிவிடலாம். அவ்வாறு வானத்தின் நிழலை அகற்றிய பின்னும் நீலம் மறையவில்லை. மேலும் ஆழ்ந்து தோன்றியது. ஆகவே நீலம் நீருக்குள்ளிருந்தே வருகின்றது. நீரின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறுகின்றன என்று முடிவு செய்தார். செவ்வொளியை நீர் விழுங்கிவிடுவதும் அந்நீலத்திற்குப் பெருங்காரணம் என்பதை இன்று அறிவோம். மேற்பரப்பை அன்று, உள்ளே உள்ளதைப் பார்க்க வேண்டுமென்னும் துணிவே அவருடைய பேறு.

அன்றுமுதல் ஒளிச்சிதறலே அவர் தவமாயிற்று. 1923ஆம் ஆண்டிலிருந்தே அவர் மாணாக்கர், தூய நீரிற் சிதறிய ஒளியிடையே நிறம் மாறிய மங்கலான சுவடொன்றைக் கண்டுவந்தனர். அழுக்கின் வேலையென்று அதனைப் பலரும் ஒதுக்கியிருப்பர். இராமன் ஒதுக்கவில்லை. வத்திராயிருப்பிற் பிறந்த தமிழரான கே. எஸ். கிருஷ்ணன் துணைநிற்க, அறுபதளவான திரவங்களைத் தூய்மைப்படுத்திச் சோதித்தார். 1928ஆம் ஆண்டு பெப்ரவரி 28ஆம் நாள் இரசவாவி விளக்கின் ஒளியைச் செலுத்தி நிறமாலைகாட்டியில் நோக்கியபோது, உட்புகுந்த ஒளியில் இல்லாத புதிய கோடுகள் தெளிவாய்த் தோன்றின. மூலக்கூறோடு மோதிய ஒளி தன் ஆற்றலிற் சிறு பங்கை அதற்குக் கொடுத்துவிட்டு, அலைநீளம் கூடியதாய் வெளிவருகின்றது. சிற்சில வேளை பெற்றுக்கொண்டும் வருகின்றது. எவ்வளவு மாறிற்றென்று அளந்தால் அம்மூலக்கூறு இன்னதென்று கூறலாம். அவ்வாண்டிலேயே மொஸ்கோவில் லாண்ஸ்பேர்க், மண்டெல்ஸ்தாம் என்போரும் படிகங்களில் இதனைக் கண்டனர். நொபெல் பரிசு 1930ஆம் ஆண்டில் இராமனுக்கே கிட்டியது. விஞ்ஞானத்தில் அப்பரிசு பெற்ற முதல் ஆசியர் அவரே.

உவமையின் எல்லை

இங்கேதான் அம்மாணவியின் இரண்டாம் வினாவுக்கு எனக்கு விடை கிடைத்தது. தொல்காப்பியர் உவமை தோன்றும் வகைகளாக வினை, பயன், மெய், உரு என நான்கினைக் கூறுவர். புலிபோலப் பாய்ந்தான் என்புழி ஒப்புமை வினையில் உள்ளது; அவனுக்கு வாலில்லையே என்று எவரும் வழக்காடுவதில்லை. நீரலை, ஒலி, ஒளி ஆகிய மூன்றும் ஒப்பன வினையால், மெய்யால் அல்ல. மூன்றும் பரவும், தெறிக்கும், வளையும், ஒன்றன்மேலொன்று ஏறி வலுக்கும் அல்லது அவியும். 1801ஆம் ஆண்டையொட்டி ஆங்கில அறிஞர் தோமஸ் யங், நீரலையையும் ஒலியையும் சான்றுகாட்டி ஒளியும் அலையே என வாதிட்டது இவ்வினையொப்புமை பற்றியே.

மெய்யோ வேறு. வாவியின் நீர்த்துளி வளையத்தோடு கரைக்குச் செல்வதில்லை. தானிருந்த இடத்திலேயே ஏறியிறங்கிச் சுழல்கின்றது. ஒலியிற் காற்று முன்னும் பின்னுமாய் நெருங்கி விலகுகின்றது. காற்றோ நீரோ திண்பொருளோ இன்றேல் ஒலியில்லை. ஒளியில் அசைவது மின்புலமும் காந்தப்புலமும். அது செல்லும் திசைக்குக் குறுக்காய் அசைவது. அதற்கு ஊடகமே வேண்டா. வெறுவெளியைக் கடந்தே ஞாயிற்றின் ஒளி ஹந்தானை மலையில் விழுகின்றது. இராமன் கண்ட விளைவோ உவமையின் எல்லையையே காட்டிற்று. ஒளி தன் ஆற்றலைச் சிறுசிறு பொட்டலங்களாகவே கொடுத்து வாங்கும். வாவி வளையத்தில் அதற்கு ஒப்பில்லை. அலையை உவமையாகக் கொண்டு புறப்பட்டவர், அவ்வுவமை எங்கே நின்றுவிடுகின்றதோ அவ்விடம் வரை நடந்து சென்றார்.

ஒலியும் ஒளியும் ஒரே பாத்திரத்திற் சந்திப்பதையும் அவர் ஆராய்ந்தார். 1935, 1936ஆம் ஆண்டுகளில் நாகேந்திரநாத் என்பவரோடு சேர்ந்து, செவிக்கெட்டாத கழியொலி பாயும் திரவத்தினூடே ஒளி செல்லும்போது நிகழ்வதைக் கணித்தார். ஒலியால் திரவம் நெருக்கமும் நெகிழ்வுமாய் வரிவரியாகின்றது. அவ்வரிகளைக் கடக்கும் ஒளி பல கதிர்களாய்ப் பிரிகின்றது.

நம் நாட்டோடும் அவருக்கு ஒரு தொடர்புண்டு. 1950ஆம் ஆண்டில் அவரும் அவர் மாணாக்கரும் இலங்கைச் சந்திரகாந்தக் கற்களின் அமைப்பையும் ஒளியையும் ஆராய்ந்து எழுதினர். நிலவொளியில் நீர் கசியுமெனப் புலவர் பாடிய சந்திரகாந்தம் கற்பனை. மீட்டியாகொடையில் அகழ்ந்தெடுத்துக் கண்டிக் கடைவீதியில் விற்கும் கல்லோ உண்மை. அதனுள்ளே இருவகைக் கனியம் மிக மெல்லிய ஏடுகளாய்ப் பிரிந்து கிடக்கின்றது. அவ்வேடுகள் சிதறும் ஒளியே அந்நீல நிலவு.

குறையும் நிறையும்

பெரியோர் வரலாற்றைக் குறை நீக்கிக் கூறுதல் நம் வழக்கம். அம்மாணவிக்கு முன் நான் அவ்வாறு கூற முற்பட்டபோது, அவர் இருந்திருந்தால் தன்னையும் மாணவியாய் ஏற்றிருப்பாரா என்று அவள் கேட்டுவிட்டாள். மறைக்க மனம் வரவில்லை. 1933ஆம் ஆண்டில் இராமன் பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவனத்தின் இயக்குநரானார். அவ்வாண்டில், பம்பாயிற் சிறப்பாய்த் தேறிய கமலா பகவத் என்னும் இளம்பெண் அங்கே சேர விண்ணப்பித்தார். பெண் என்பதனாலேயே இராமன் மறுத்தார். அவர் விடாது போராட, ஓராண்டு பார்ப்போமென்னும் நிபந்தனையோடு ஏற்றார். அவ்வோராண்டில் அவர்தம் உழைப்பைக் கண்டு மனம் மாறினார். பின்னர் வேறு பெண்களுக்கும் வாயில் திறந்தது. கமலா அம்மையார் 1939ஆம் ஆண்டிற் கேம்பிரிட்ஜில் ஆய்வுப் பட்டம் பெற்றார். உடல் தாங்காதென்ற ஒருவரின் சொல்லால் தாம் தடுக்கப்பட்டதை மறந்து, இராமன் மற்றொருவரைத் தடுத்தார். தவற்றைச் சான்று கண்டு திருத்திக்கொண்டமை அவருக்கு உரியது. திருத்தச் செய்தமை அப்பெண்ணுக்கு உரியது.

நிறுவனத்தில் எழுந்த பிணக்குகளால் 1937ஆம் ஆண்டில் இயக்குநர் பதவியைத் துறந்து, 1948ஆம் ஆண்டு வரை பேராசிரியராய் இருந்தார். பின்னர்ப் பெங்களூரில் தம் பெயரால் ஓர் ஆய்வகம் அமைத்து, மணிகள், மலர்களின் நிறம், கண்ணின் பார்வை என்பவற்றை ஆராய்ந்தார். 1954ஆம் ஆண்டிற் பாரத ரத்தினம் என்னும் விருது வந்தது. 1970ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் உலகு நீத்தார். அவர் உடல் அவ்வாய்வகச் சோலையிலேயே எரியூட்டப்பட்டது. அவ்விடத்தில் நினைவுக்கல் அன்று, ஒரு மரமே நிற்கின்றது. 1987ஆம் ஆண்டு முதல் பெப்ரவரி 28ஆம் நாள் இந்தியாவில் விஞ்ஞான தினமாய்க் கொண்டாடப்படுகின்றது.

இவ்வரலாற்றை வகுப்பிற் கூறி முடித்த மறுநாள், சங்கீத ஆசிரியரிடம் இரந்து மிருதங்கமொன்றை வாங்கி வந்தேன். தொப்பியைக் கீழாகவும் வலந்தலையை மேலாகவும் நிறுத்தினோம். அம்மாணவி மகாவலிக் கரையிலிருந்து கொணர்ந்த மணலைச் சலித்துத் தோலின்மேல் தூவினாள். ஒரு விரலை நடுக்கோட்டில் மெல்ல ஊன்றி, ஓரத்தில் ஒருமுறை தட்டினாள். ஒன்றும் தெரியவில்லை. மறுபடியும் தட்டினாள். நாலைந்து தட்டுக்குப் பின் மணல் இருபுறமிருந்தும் துள்ளி வந்து, குறுக்கே ஒரு கோடாய் ஒதுங்கிற்று. வகுப்பு முழுதும் எழுந்து சூழ்ந்துகொண்டது.

அவள் தந்தையாரைப் பாடசாலைக்கு அழைத்து அக்கோட்டைக் காட்டினேன். விளக்கமாய்ச் சொல்ல எனக்குத் தெரிந்தது சிறிதே. அவர் நெடுநேரம் பார்த்து நின்றார். தாமும் கோயில் திருவிழாவில் தப்படித்தவர் என்றும், தோலிற்குள் இப்படியொரு கோடு இருப்பதை அறியாதிருந்தேன் என்றும் கூறினார். மகளை விஞ்ஞானப் பிரிவிலேயே விட்டுச் சென்றார்.